முதல் டெனர் கிட்டார்: சுருதியை முடிவு செய்த பிறகே நீளம்

டெனர் கிட்டாருக்கு நான்கே தந்திகள். 1920களில் அமெரிக்காவில் டெனர் பாஞ்சோ வாசித்தவர்கள், பழகிய விரலமைப்பை மாற்றாமலேயே கிட்டாரின் நாதத்தைப் பெறுவதற்கென உருவான கருவி என்பதால், பாஞ்சோவின் சி-ஜி-டி-ஏ சுருதியே இதற்கும் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு தந்தியும் தனக்கு முந்தைய தந்தியின் பஞ்சமத்தில் நிற்கும். முதன்முறை வாங்குபவர்கள் மரத்தையும் பளபளப்பையும் பார்த்து மயங்குகிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது ஸ்கேல் நீளத்தை, அதாவது தந்தி அதிரும் நீளத்தை.

நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் பள்ளமிட்ட பட்டை) உள்விளிம்பிலிருந்து 12ஆவது ஃபிரெட்டின் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) உச்சி வரை அளந்து, அதை இரட்டித்தால் கிடைப்பதே ஸ்கேல் நீளம். பிரிட்ஜ் (தந்திகளின் மறுமுனையைப் பிடிக்கும், உடலில் ஒட்டிய கட்டை) வரை நேராக அளக்கக் கூடாது. சுருதி பிசகாமலிருக்க அங்கே தந்திகள் படியும் சேடில் பட்டை சற்றே பின்தள்ளி வைக்கப்பட்டிருக்கும். டெனர் கிட்டார்கள் பெரும்பாலும் 21 முதல் 23 அங்குலத்துக்குள் அமைகின்றன. தொடக்கநிலை விலையில் கிடைப்பவற்றில் 23 அங்குலத்தை ஒட்டியவையே அதிகம்.

இரண்டு அங்குலம் சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் நட்டிலிருந்து நான்காவது ஃபிரெட் வரையுள்ள தூரம் 23 அங்குலக் கருவியில் சுமார் 12 செ.மீ., 21 அங்குலக் கருவியில் 11 செ.மீ. பஞ்சம இடைவெளியில் சுருதி சேர்த்த கருவியில், அடுத்த தந்தியை அழுத்தாமல் மீட்டினால் வரும் ஸ்வரம் ஏழாவது ஃபிரெட்டில்தான் வருகிறது என்பதால், ஒவ்வொரு தந்தியிலும் விரல்கள் கடக்க வேண்டிய தூரம் ஆறு தந்திக் கிட்டாரைவிட அதிகம். அந்த ஒரு சென்டிமீட்டரைச் சுண்டுவிரல் நன்றாகவே உணரும்.

நீளத்தால் மாறுவது விரல் எட்டும் தூரம் மட்டுமன்று. ஒரே தந்தியை அதே சுருதிக்கு ஏற்றினால், 21 அங்குலத்தில் இழுவிசை 23 அங்குலத்தைவிட ஏறத்தாழ 17 விழுக்காடு குறையும். என் முதல் 23 அங்குலக் கருவியில் மேல் ஏ தந்தி அறுந்தபோது, மெல்லிய தந்தி போட்டால் தாங்கும் என்று நம்பிப் போட்டேன்; சுருதியை எட்டுமுன்பே அதுவும் அறுந்தது. மெல்லிய தந்திக்கு இழுவிசை குறைவுதான், ஆனால் அதன் வலிமையும் அதே விகிதத்தில் குறைந்துவிடுகிறது. எந்தச் சுருதியில் அறும் என்பதைத் தீர்மானிப்பவை நீளமும் எஃகின் தரமுமே. 440 ஹெர்ட்ஸ் ஏ ஸ்வரத்தை 23 அங்குலத் தந்தி தாங்கும், ஆனால் எல்லைக்கு அருகில் நின்று தாங்கும். 21 அங்குலத்தில் அதற்கு நல்ல இடைவெளி உண்டு.

எனவே சி-ஜி-டி-ஏ மட்டுமே வாசிக்கப்போகிறவர், கை சிறியதாயின் தயங்காமல் 21 அங்குலத்தைத் தேடலாம். மாண்டலினைப்போல, ஆனால் ஒரு ஸ்தாயி கீழே, ஜி-டி-ஏ-ஈ சேர்த்து அயர்லாந்து இசை வாசிக்க விரும்புபவருக்கு 23 அங்குலமே உகந்தது. குட்டையான கருவியில் கீழ் ஜி தளர்ந்து அதிரும். அதற்குத் தடித்த தந்திகள் வேண்டும், நட்டின் பள்ளங்களையும் அகலப்படுத்த நேரலாம். ஆறு தந்திக் கிட்டார் அறிந்தவர் டி-ஜி-பி-ஈ சேர்த்தால் பழைய கார்டுகளே (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக்கூட்டங்கள்) போதும். அவருக்கு எந்த நீளமும் பொருந்தும்.

முடிவெடுக்குமுன் 23 அங்குல ஸ்கேலில் வரும் லிட்டில் மார்ட்டின் போன்ற சிறிய ஆறு தந்திக் கிட்டார் ஒன்றை இரவல் வாங்கி, விரல் எட்டுகிறதா என்று பாருங்கள். கடையில் டெனர் கருவியைக் கையில் எடுத்ததும், ஒவ்வொரு தந்தியையும் மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்தி முதல் ஃபிரெட்டின்மேல் கவனியுங்கள்: மயிரிழை இடைவெளி மட்டுமே தெரிய வேண்டும். மலிவான கருவிகளில் நட் உயரமாக இருப்பதே பெருங்குறை. அதனால் விரல் வலிக்கும், முதல் ஃபிரெட்டில் சுருதியும் ஏறிவிடும். பிறகு 12ஆவது ஃபிரெட்டில் ஹார்மோனிக்கையும் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) அழுத்திய ஸ்வரத்தையும் சுருதி காட்டும் டியூனரில் ஒப்பிடுங்கள்; இரண்டும் ஒத்திருக்க வேண்டும். நட்டைச் சீர்செய்ய முடியும்; பிரிட்ஜே இடம் தவறி ஒட்டப்பட்டிருந்தால் அந்தக் கருவியை விட்டுவிடுங்கள். அறுந்தால் மாற்ற, மேல் ஏ தந்திக்கென 0.010 அங்குலத் தடிமனுள்ள எஃகுத் தந்திகள் இரண்டை வாங்கும்போதே சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.