புதிய புரதம் என்ற செய்தியைப் படிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

பரம்பரை மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய புதிய புரதம் ஒன்று கண்டறியப்பட்டது என்று செய்தி வந்தால், அடுத்த வாரமே ரத்தப் பரிசோதனையில் அதைப் பார்த்துவிடலாம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. பால்பி-2 (PALB2) என்ற புரதத்தின் வரலாறு இதற்கு நல்ல பாடம். பரம்பரை மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடையது என்று ஏற்கெனவே தெரிந்திருந்த பி.ஆர்.சி.ஏ.-2 (BRCA2) புரதத்தோடு எவை ஒட்டிக்கொள்கின்றன என்று தேடிய ஆய்வாளர்கள் 2006-இல் இதைக் கண்டறிந்தார்கள். அதை உருவாக்கும் மரபணுவில் உள்ள பிழை மார்பகப் புற்றுநோய்க்கு வழி விடுகிறது என்பது 2007-இல் தெரிந்தது. பிழை உள்ள பெண்களில் ஏறத்தாழ 35 விழுக்காட்டினருக்கு 70 வயதுக்குள் நோய் வரக்கூடும் என்ற கணக்கு 2014-இல்தான் வெளியானது.

"எனக்கு பி.ஆர்.சி.ஏ. இருக்கிறதாம்" என்று சொல்வதும் பிழையே. அந்த மரபணு எல்லோரிடமும் உண்டு; அறுந்த டி.என்.ஏ.வைச் சரிசெய்வது அதன் வேலை. காசிமேட்டில் வலை சீர்செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: பி.ஆர்.சி.ஏ.-2 வலை பின்னுபவர் என்றால், பால்பி-2 அவரைக் கிழிசல் உள்ள இடத்துக்கு அழைத்துச் சென்று நிறுத்துபவர். அழைத்துச் செல்பவர் வராவிட்டால், பின்னுபவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் கிழிசல் அப்படியே கிடக்கும்.

மார்பகம் பெண்ணுடையது என்பதால் தாய்வழியை மட்டும் விசாரிப்பது மிகப் பரவலான தவறு. பிழை தந்தையிடமிருந்தும் அதே 50 விழுக்காடு வாய்ப்போடு வரும். ஆகவே அத்தைமாரையும் அப்பாவின் தாயாரையும் விட்டுவிட்டுத் தயாரிக்கும் குடும்ப வரலாறு பாதி வரலாறுதான். அத்தை மகனையோ தாய்மாமனையோ மணக்கும் வழக்கமுள்ள நம் குடும்பங்களில் இன்னொன்றும் கவனிக்கப்படாமல் போகிறது. உறவினர்கள் என்பதால் கணவன், மனைவி இருவரிடமும் ஒரே மரபணுவில், அதாவது இருவரிடமும் பால்பி-2-இலோ இருவரிடமும் பி.ஆர்.சி.ஏ.-2-இலோ, பிழை இருக்கக்கூடும்; அப்படி இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் பான்கோனி ரத்தசோகை என்ற கடும் நோய் வரலாம்.

பரிசோதனை என்று முடிவானால், நலமாக இருக்கும் மகளை முதலில் அனுப்பாமல், இயன்றவரை நோய் கண்டவரையே முதலில் சோதிக்க வேண்டும். அவரிடம் எந்தப் பிழை என்று தெரியாத நிலையில், மகளுக்கு 'இல்லை' என்று வரும் முடிவு முழு ஆறுதல் தராது. 'பொருள் தெளிவாகாத மாற்றம்' என்று அறிக்கையில் இருந்தால் அதைப் பிழை என்று எடுத்துக்கொண்டு அறுவை சிகிச்சைக்கு விரையக்கூடாது.

மணலி, எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைப் புகையைப் பற்றிய நம் கோபம் நியாயமானது. ஆனால் எல்லாப் புற்றுநோய்க்கும் அதையே காரணமாக்கினால் குடும்பத்தில் கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படாமலே போகும். "பாட்டி வயிற்றில் கட்டி வந்து போனார்" என்று வீட்டில் சொல்வது, இதே மரபணுப் பிழைகளால் வரக்கூடிய சினைப்பைப் புற்றுநோயாகவும் இருந்திருக்கலாம். அந்தக் கட்டி எங்கே, எந்த வயதில் வந்தது என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி, மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.