மழைக்காட்டில் ட்ரெக்கிங் போகிற கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு

வால்பாறை மாதிரி மழைக்காட்டுப் பக்கம் நடக்கக் கிளம்புகிறீர்கள் என்றால் முதலில் காலண்டரைப் பாருங்கள், ஏனென்றால் நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான், அங்கேயோ ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும், இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறதே என்று நம்பிப் போய்விடக் கூடாது.

அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நுழையவே வேண்டாம். 2018-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் ட்ரெக்கிங் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி இறந்த பிறகு கெடுபிடி அதிகம். ட்ரெக் தமிழ்நாடு என்கிற அரசு இணையதளத்தில் பாதையைப் பார்த்துப் பதிவு செய்யலாம், வழிகாட்டியும் கூடவே வருவார்.

ஜீன்ஸ் எடுக்காதீர்கள், நனைந்தால் லேசில் காயாது. அட்டைப்பூச்சி ஏறாமல் இருக்க பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். அப்படியும் அட்டை ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்காமல், தீக்குச்சியெல்லாம் காட்டாமல், அதன் வாய்ப் பக்கம் நகத்தை வைத்து நெம்புங்கள், விட்டுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்தியிருக்கும், அதனால் கொஞ்ச நேரம் கசியும்; கழுவிவிட்டுத் துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.

எனக்கு அட்டையைவிட ஓடைதான் பயம். நீங்கள் நிற்கிற இடத்தில் ஒரு தூறல்கூட இருக்காது, ஆனால் மேலே மலையில் பெய்த மழை திடீரென்று இறங்கி வரும். தெளிந்த தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் உடனே கரையேறுங்கள். சில்வர் பீச்சில் நீந்திப் பழகிய தைரியம் பாறை ஓடையில் செல்லாது.

அப்புறம், பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது, எந்தப் பாதை, எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறுங்கள்.