காரைக்குடியிலிருந்து மலர்ப் பள்ளத்தாக்கிற்கு: ஆடி மாத மலைப்பயணத்தைத் திட்டமிடும் முறை

உத்தரகாண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில், புஷ்பாவதி ஆற்றையொட்டி விரிந்திருக்கும் மலர்ப் பள்ளத்தாக்கு ஆண்டுதோறும் ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை மட்டுமே திறந்திருக்கும். அந்த ஐந்து மாதங்களில் எந்த வாரத்தில் போவது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். ஜூன் மாதத்தில் பனி முழுவதும் உருகியிருக்காது. செப்டம்பர் பாதியைத் தாண்டினால் செடிகள் விதை பிடித்துப் பழுப்பேறத் தொடங்கிவிடும். ஜூலை இறுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை, அதாவது நம் ஆடி மாதத்தின் பிற்பாதியில்தான் பூக்கள் மிகுந்திருக்கும். செட்டிநாட்டு வீடுகளில் ஆடியில் திருமணமோ புதுமனை புகுவிழாவோ வைக்கும் வழக்கம் இல்லை என்பதால், குடும்பமாகச் செல்ல விரும்புவோருக்கு இது நன்றாகப் பொருந்தும் காலமாகும்.

அதே வாரங்களில்தான் அங்கே பருவமழையும் கடுமையாகப் பெய்யும். அந்தப் பூக்களை மலரச் செய்வதே அந்த மழைதான் என்பதால், மழையில்லாத நாளாகத் தேர்ந்தெடுத்துப் போகலாம் என்ற எண்ணத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிட வேண்டும். மண் சரிந்தால் மலைச்சாலை சில மணி நேரமோ, சில வேளைகளில் ஒரு நாளுக்கு மேலோ அடைபட்டுவிடும். ஆகவே பயணத் திட்டத்தில் எந்த வேலையும் குறிக்கப்படாத இரண்டு நாள்களை மலைப்பகுதிக்கென்று ஒதுக்குங்கள். விடுப்பு போதவில்லை என்று பலரும் முதலில் வெட்டுவது இந்த நாள்களைத்தான். என் கருத்தில், வேறு எதைக் குறைத்தாலும் இவற்றைக் குறைக்கக் கூடாது. இவை இல்லாதபோதுதான், திரும்பும் ரயிலைப் பிடிப்பதற்காகக் கொட்டும் மழையில் இறங்கவும், தலைவலியோடு மேலே ஏறவும் மனம் துணிகிறது.

ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பு திறக்கிறது என்பதால், வைகாசியிலேயே தேதிகளை உறுதி செய்துகொள்வது நல்லது. அதிகாலையில் காரைக்குடியில் பல்லவன் விரைவு ரயிலில் ஏறினால், அன்றிரவு சென்னை சென்ட்ரலிலிருந்து புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸைப் பதற்றமின்றிப் பிடிக்கலாம். டெல்லியிலிருந்து ஹரித்துவார் வரை ரயிலும் பேருந்தும் உண்டு. நாள் குறைவாக உள்ளவர்கள் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ சென்னை வழியாக டேராடூனுக்கு விமானத்தில் செல்லலாம்.

எந்த வழியில் வந்தாலும் ரிஷிகேசத்தை அடைந்து, அங்கிருந்து அதிகாலையிலேயே புறப்பட்டால்தான் வெளிச்சம் மறைவதற்குள் ஜோஷிமடத்தை அடைய முடியும். பெரியாழ்வார் கண்டமென்னும் கடிநகர் என்று பாடிய தேவப்பிரயாகை இந்தச் சாலையில்தான் இருக்கிறது. திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி என்று வைணவர்கள் போற்றுவதும் இந்த ஜோஷிமடத்தையே. அங்கே ஓர் இரவு தங்குவது வழிபாட்டுக்கு மட்டுமன்றி உடலுக்கும் தேவையானது. கடல் மட்டத்திற்குச் சற்றே மேலே வாழும் நாம், 1,900 மீட்டர் அளவில் ஓர் இரவு உறங்கிவிட்டு, பிறகு 3,050 மீட்டர் உயரத்தில் பள்ளத்தாக்கிற்கு முன்னுள்ள தங்குமிடமான கங்காரியாவுக்குச் சென்றால் உடல் ஓரளவு பழகிக்கொள்ளும். மேலே சென்றபின் தலைவலியும் குமட்டலும் தோன்றினால் அதற்குமேல் ஏறக் கூடாது. அவை கூடினாலோ, நடை தள்ளாடினாலோ, மூச்சு வாங்குவது ஓய்விலும் அடங்காவிட்டாலோ, காத்திராமல் கீழே இறங்கிவிட வேண்டும். இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். உயர நோய்க்கான மாத்திரையையும் அவர் சொல்லாமல் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஜோஷிமடத்திலிருந்து கோவிந்தகாட் சென்று, அங்கிருந்து ஜீப்பில் புல்னா கிராமத்தை அடைந்தபின் கங்காரியா வரை ஏறத்தாழ 10 கி.மீ. நடக்க வேண்டும். முடியாதவர்களுக்குக் கோவேறு கழுதைகள் கிடைக்கும். ஆனால் பள்ளத்தாக்கிற்குள் அவற்றுக்கு அனுமதி இல்லை. தைப்பூசத்திற்குப் பழனிக்குப் பாதயாத்திரை போய்ப் பழகிய கால்கள் நம் பக்கம் ஏராளம், அது பெரிய பலம். எனினும் சமதரையில் நெடுந்தூரம் நடப்பதும் ஈரமான கற்களில் ஏறி இறங்குவதும் வேறுவேறு உழைப்பு. இரண்டு மாதங்களுக்கு முன்பிருந்தே குன்றக்குடிப் படிகளில் முதுகுப்பையுடன் ஏறி இறங்குங்கள். வார இறுதிகளில் பிரான்மலைக்குச் செல்லுங்கள். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் பறம்பு மலை அதுவே என்று சொல்லப்படுவதால், பூக்களைத் தேடிப் புறப்படுபவர்கள் பயிற்சி பெற அதைவிடப் பொருத்தமான மலை இல்லை. அங்கு அணியவிருக்கும் காலணியையே இந்தப் பயிற்சியிலும் அணிய வேண்டும். புதுக் காலணி கொப்புளத்தில் கொண்டுபோய் விடும்.

முழு மழையங்கி, பைக்கு உறை, கம்பளி ஆடை, உலர்ந்த காலுறைகள், ஊன்றுகோல், ஆதார் அட்டை ஆகியவை போதும். பணத்தை ஜோஷிமடத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே கைபேசித் தொடர்பை நம்ப முடியாது. வழித்துணைக்கு நம் வீட்டுப் பொரிவிளங்காய் உருண்டையைப் பரிந்துரைக்கிறேன். மாவுருண்டையும் அதிரசமும் பையில் நசுங்கிவிடும். இதுவோ உடையாது, எளிதில் கெடாது, ஓர் உருண்டை நெடுநேரம் பசி தாங்கும்.

கங்காரியாவிலிருந்து காலையிலேயே பள்ளத்தாக்கிற்குப் புறப்பட வேண்டும், ஏனெனில் உள்ளே இரவு தங்க அனுமதி இல்லை. மாலைக்குள் திரும்பியாக வேண்டும். 1931இல் காமேட் சிகரத்திலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் மலையேறி பிராங்க் ஸ்மைத் குழுவினர் கண்டு உலகுக்குச் சொன்ன இந்த இடம், 1982இல் தேசியப் பூங்காவாகி, 2005இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. செடி சேகரிக்க வந்த ஜோன் மார்கரெட் லெக் 1939இல் சரிவில் வழுக்கி விழுந்து இறந்தார். அவருடைய கல்லறை உள்ளேயே இருக்கிறது. ஈரப் பாறைகளில் பூவைப் படமெடுக்கப் பாதையை விட்டு விலகுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். பூசைக்கென்றுகூட ஒரு பூவையும் பறிக்கக் கூடாது. நீலப் பாப்பியைப் பாறை இடுக்குகளில் தேடுங்கள். இளஞ்சிவப்புக் காசித்தும்பை இனமோ ஆகஸ்டில் சரிவு முழுவதும் நிறைந்திருக்கும்.

அடுத்த நாள், சீக்கியர்களின் புனிதத் தலமான ஹேம்குண்ட் சாகிப்பிற்கு ஏறலாம். அது 4,000 மீட்டருக்கும் மேலே இருப்பதால், பள்ளத்தாக்கை முதலில் பார்த்து உடலைப் பழக்கிக்கொண்டபின் செல்வதே முறை. உயர்ந்த மலைச்சரிவுகளில் பூக்கும் பிரம்ம கமலத்தைக் காண அந்தப் பாதையே ஏற்றது. முதல் நாள் மழை மறைத்துவிட்டால், ஹேம்குண்டை விட்டுவிட்டு மீண்டும் பள்ளத்தாக்கிற்கே செல்லுங்கள். ஒதுக்கிய நாள்கள் மீந்தால், கோவிந்தகாட்டிலிருந்து 25 கி.மீ. அளவிலுள்ள பத்ரிநாத்தைச் சேவித்துவிட்டு இறங்கலாம்.