ரயில்வே கணக்கில் அத்தை மகன் சொந்தமில்லை: கொடைக்கு ஊர் போகும் மும்பைக்காரர்களுக்கு

எதை மூட்டை கட்டுவது என்று நான் சொல்லப்போவதில்லை. தாராவியிலும் மாட்டுங்காவிலும் வளர்ந்தவர்களுக்கு அதெல்லாம் தெரியும். டிக்கெட் விஷயம் மட்டும் சொல்கிறேன். ஊர்க் கோயில் திருவிழாவான சித்திரைக் கொடைக்குப் போய்வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

120 நாள் முன்பதிவு 2024 அக்டோபரோடு போயிற்று. இப்போது பயண நாளைச் சேர்க்காமல் 60 நாள்தான். காலை 8 மணிக்குத் திறக்கும். கோடை லீவில் திருநெல்வேலி, நாகர்கோவில் வண்டிகளில் ஸ்லீப்பர் எவ்வளவு சீக்கிரம் தீரும் என்பது உங்களுக்கே தெரியும். ஊர்க்காரர்கள் கொடை வரி கேட்க மட்டும் முதல் ஆளாகப் போன் செய்வார்கள். தேதியைக் கேட்டால், "கூட்டம் போட்டுச் சொல்லுதோம்" என்பார்கள். அதுவரை காத்திருக்காதீர்கள். போன வருஷக் கிழமையை வைத்து உத்தேசமாகப் போட்டுவிடுங்கள்.

கல்யாண், புனேயில் இருப்பவர்கள் வெயிட்டிங் லிஸ்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஜி.என்.டபிள்யூ.எல் (பொதுப் பட்டியல்) என்றால் நகரும். பி.கியூ.டபிள்யூ.எல் (நடுவழி ஸ்டேஷன்கள் பங்கிட்டுக்கொள்ளும் சின்ன ஒதுக்கீடு) என்றால் நம்பாதீர்கள். வண்டி கிளம்பும் ஸ்டேஷனிலிருந்தே டிக்கெட் எடுத்து, ஏறும் இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பிறகு பழைய ஸ்டேஷனில் ஏற முடியாது.

இனி என் கதை. நான், மனைவி, மகன், அம்மா என்று நாலு பேருக்கு எடுத்திருந்தேன். கிளம்ப ஒரு வாரம் இருக்கையில் மனைவிக்கு லீவு இல்லை என்றார்கள். அன்று ராத்திரியே அத்தையிடமிருந்து போன்.

"ஏ மருமவனே, அந்த எடத்த வீணாக்காத. அத்தானக் கூட்டிட்டுப் போ. அவன் ஊருப் பக்கம் போயி பதினோரு வருசமாச்சி."

பெயர் மாற்ற முடியும் என்று எனக்குத் தெரியும். வண்டி கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன், உறுதியான டிக்கெட்டின் பிரிண்டோடும் அடையாள அட்டைகளோடும் ரிசர்வேஷன் ஆபீஸில் எழுதிக் கொடுத்தால், ஒரே ஒரு தடவை மாற்றுவார்கள். அரை நாள் லீவு போட்டுவிட்டு வரிசையில் நின்றேன். மூன்றாவது ஆளாக நின்ற எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. ஒரு கவுண்டரில் அடுத்த கவுண்டரைக் காட்டினார்கள், அங்கே சூப்பர்வைசர் அறையைக் காட்டினார்கள், அறையில் ஆள் டீ குடிக்கப் போயிருந்தார். வந்தவர் பேப்பரைப் புரட்டிவிட்டு, "என்ன உறவு?" என்றார்.

அத்தை மகன் என்று இந்தியில் சொன்னேன். இல்லை என்று தலையாட்டினார். மராத்தியில் அத்தைக்கு 'ஆத்யா' என்றுதான் பெயர். அப்படியும் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார், பேப்பரைத் திருப்பித் தள்ளினார்.

அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, மகன், மகள், கணவன், மனைவி. பட்டியல் அவ்வளவுதான். மாமன் மச்சான் யாரும் அதில் வரமாட்டார்கள். ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு போய்ப் பிரயோஜனமில்லை.

அத்தான் தட்கல் முயன்றார். முந்தின நாள் ஏ.சி.க்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. 2025 ஜூலையிலிருந்து ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். அவர் கணக்கில் ஆதார் இணைக்கவில்லை. நீங்கள் இன்றைக்கே இணைத்துவிடுங்கள். ஊரில் இருக்கும் பெரியவர்கள் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

வழியனுப்ப மட்டும் சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனுக்கு அத்தான் வந்தார். மஞ்சள் துணியில் முடிந்த வெள்ளிக் கண்மலரை, சாமிக்குப் போடும் கண் வடிவக் காணிக்கையை, என் கையில் வைத்தார். அத்தையின் நேர்ச்சை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, காலியாக இருந்த லோயர் பெர்த்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சோலாப்பூர் தாண்டுவதற்குள் டி.டி.இ. அதை ஆர்.ஏ.சி.யில் பாதி சீட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவருக்குக் கொடுத்துவிட்டார். விதிப்படி சரிதான். அவர் நன்றாகத் தூங்கினார்.

என் அப்பா மும்பைக்கு வந்தபோது படுக்க இடம் கொடுத்தது அத்தைதான். தாராவியில் ஒரே அறை, அதில் நாலு வருஷம் எல்லோரும் இருந்தோம். இப்போது நான் முலுண்டில் இருக்கிறேன், அத்தை அங்கேயேதான்.

ஒன்றை விட்டுவிட்டேன். சாதாரண முன்பதிவில் ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் வரை போடலாம், தட்கலில் நாலு. முன்பதிவு திறப்பதற்கு முந்தின வாரமே, "அத்தான் பேரையும் சேத்துப் போட்டுரு" என்று அத்தை சொல்லியிருந்தாள். "பாக்கலாம் அத்தே" என்றேன். நாங்கள் நாலே பேர்.