காய்ச்சல்காரருக்கு வெறுங்கஞ்சியா? எண்ணெயும் மாத்திரையும் சேரும் இடத்தில் நடக்கும் தவறுகள்

எங்கள் சுங்கை சிப்புட்டில் மருந்து வாங்க வருகிறவர்கள் தவறாமல் கேட்பது, "சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயாங்க?" பின்னால் என்று பதில் வந்ததும் கிளம்பிவிடுவார்கள். என்ன சாப்பாடு என்று யாரும் கேட்பதில்லை. சில மாத்திரைகளுக்கு அந்தக் கேள்விதான் முக்கியம்.

மலேரியா மாத்திரையைப் பாருங்கள். மனிதருக்கு மனிதர் பரவும் மலேரியாவின் உள்ளூர்த் தொற்று 2018-இல் மலேசியாவில் பூஜ்யத்துக்கு வந்தது. ஆனால் குரங்கிடமிருந்து கொசு கொண்டுவரும் நோலெசி வகை, காட்டோரத்திலும் தோட்டத்திலும் வேலை செய்பவர்களை இன்னும் பிடிக்கிறது. அதற்குக் கொடுக்கும் ஆர்ட்டிமெதர், லூமிஃபேன்ட்ரின் கூட்டு மாத்திரை 3 நாளில் 6 வேளை. இதில் லூமிஃபேன்ட்ரின் தண்ணீரில் கரையாத மருந்து. கொழுப்பு குடலுக்குள் போனால்தான் பித்தநீர் நன்றாக இறங்கும். அது கொழுப்பை நுண்துளிகளாக உடைக்கும்போது மருந்தும் அதில் கரைந்து குடல் சுவரைத் தாண்டும். வெறும் வயிற்றைவிடக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால் லூமிஃபேன்ட்ரின் சுமார் 16 மடங்கு கூடுதலாக இரத்தத்தில் சேர்கிறது.

நாம் காய்ச்சல்காரருக்கு என்ன கொடுப்போம்? வெறுங்கஞ்சி, உப்பு, ஒரு துண்டு ஊறுகாய். பாசத்தோடு ஊட்டுகிறோம், ஆனால் அதில் கொழுப்பு இல்லாததால் மாத்திரையில் பெரும்பகுதி வீணாகிறது. அதற்காக வாய் கசக்கும் ஆளுக்கு ரொட்டி சானாய் திணிக்க வேண்டாம். 1.2 கிராம் கொழுப்புள்ள 36 மில்லி சோயாப் பாலே இந்த மருந்துக்கு ஏறக்குறைய போதும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். கஞ்சியில் இரண்டு கரண்டி தேங்காய்ப்பால் ஊற்றுங்கள், இல்லை பால் கொடுங்கள். குடிக்க முடியாமல் வாந்தி எடுத்தால் உடனே கிளினிக்கில் சொல்லுங்கள்.

படர்தாமரைக்குக் கொடுக்கும் கிரிசியோஃபல்வினும் இதே சாதிதான். ஈர பூட்ஸோடு நாள் முழுக்க நிற்பவர்கள் வாரக்கணக்கில் விழுங்குகிறார்கள், அதுவும் விடிகாலை பால் இல்லாத கோப்பி ஓவும் பிஸ்கட்டுமாக. குணமாகவில்லை என்று மருந்தைக் குறை சொல்வதற்கு முன், அதை மதியச் சாப்பாட்டுக்கு மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். வைட்டமின் டி மாத்திரைக்கும் குழம்பும் பொரியலும் இருக்கும் வேளையே நல்லது.

சரி, அப்படியென்றால் எல்லா மாத்திரைக்கும் எண்ணெய் நல்லதா? இதுதான் இன்னொரு பெரிய தவறு. தைராய்டுக்கான லெவோதைராக்சினை வெறும் வயிற்றில், பசியாறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே எடுக்க வேண்டும். எச்ஐவிக்கான எஃபாவிரென்ஸ் கொழுப்போடு சேர்ந்தால் இரத்தத்தில் அளவு ஏறி, தலைச்சுற்றல் கூடும். ஆகவே வெறும் வயிற்றில், தூங்கப்போகும் நேரத்தில் எடுக்கச் சொல்கிறார்கள். ஆல்பெண்டசோல் இன்னும் விசித்திரம்: உடம்புக்குள் கட்டியாக இருக்கும் புழுவுக்கு அதைக் கொழுப்புணவோடு கொடுப்பார்கள், அப்போது சுமார் 5 மடங்கு கூடுதலாக உள்ளே ஏறும். குடல் புழுவுக்கோ மருந்து குடலிலேயே நின்றால் போதும்.

மலச்சிக்கலுக்கு வயதானவர்கள் குடிக்கும் லிக்விட் பாரஃபினைச் சமையல் எண்ணெய் மாதிரி நினைத்துவிடாதீர்கள். அது செரிக்காது, உடம்பில் சேராது. போகிற வழியில் வைட்டமின் ஏ, டி, ஈ, கே எல்லாவற்றையும் கரைத்து வெளியே கொண்டுபோய்விடும். நீண்ட நாள் குடிக்கும் பாட்டியோ தாத்தாவோ வீட்டில் இருந்தால், அடுத்த முறை கிளினிக் போகும்போது அந்தப் போத்தலையும் கூடவே எடுத்துப் போங்கள்.