தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் குரங்கம்மை தீர்ந்துவிடாது

எங்கள் கடலூர்ப் பக்கம் உடம்பில் கொப்புளம் கண்டாலே "அம்மை போட்டிருக்கு" என்று வாசலில் வேப்பிலை செருகிவிடுவோம். முதல் தவறு அங்கேதான், எல்லாக் கொப்புளமும் ஒரே அம்மை அல்ல. சின்னம்மை வைரஸ் வேறு குடும்பம், அக்கிக்கும் அதுவே காரணம். குரங்கம்மையோ ஒழிந்துபோன பெரியம்மைக்குப் பங்காளி. சின்னம்மையில் புதுக் கொப்புளமும் காய்ந்த பொருக்கும் கலந்து கிடக்கும். குரங்கம்மையில் ஓரிடத்தில் உள்ளவை பெரும்பாலும் ஒன்றுபோல முற்றும், நடுவில் குழி விழும், கழுத்திலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டும். 2022-இல் உலகமெங்கும் பரவிய வகையில் பிறப்புறுப்பருகே ஒன்றிரண்டு கொப்புளத்தோடு நின்றதும் உண்டு. கூச்சப்பட்டு மறைத்துவிடாதீர்கள்.

கோயில் குரங்குகளைப் பழிக்கவும் வேண்டாம். 1958-இல் கோபன்ஹேகன் ஆய்வுக்கூடக் குரங்குகளில் முதலில் கண்டதால் வந்த பெயர் அது. ஆப்பிரிக்கக் காட்டு அணில், எலி வகைகள்மேல்தான் சந்தேகம் அதிகம்.

எனக்குப் பெரிய கவலை பொருக்கு பற்றியது. நம் வீடுகளில் கொப்புளம் வாடியதும் நாள் பார்த்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவோம். மூன்று தண்ணீர் ஆனதும் பிள்ளை பள்ளிக்கூடம் போகும், பெரியவர் வேலைக்குப் போவார். வேப்பிலையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் குரங்கம்மைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. காய்ந்த பொருக்கிலும் வைரஸ் உயிர்ப்போடு இருக்கும். பொருக்கெல்லாம் உதிர்ந்து அடியில் புதுத்தோல் மூடும்வரை, அதாவது இரண்டிலிருந்து நான்கு வாரம்வரை, தொற்றும்.

அதனால் படுத்த பாயையும் போர்வையையும் வாசலில் உதறாதீர்கள். சுருட்டி எடுத்து, சோப்புப் போட்டு வெந்நீரில் ஊறவையுங்கள். அறையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். கொப்புளத்தில் வருடிய வேப்பிலைக் கொத்தால் பக்கத்துப் பிள்ளையை வருட வேண்டாம். துண்டும் தனிதான்.

அப்புறம், நோய் பரவும் ஊரிலிருந்து வந்தவருக்குக் காய்ச்சல் இல்லை, ஒன்றும் இல்லை என்று உடனே முடிவுகட்டாதீர்கள். தொற்றியபின் அறிகுறி தெரிய 21 நாள்வரைகூட ஆகலாம். சந்தேகம் வந்தால் கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ முகக்கவசம் போட்டு, கொப்புளத்தை மூடிக்கொண்டு போங்கள். வரிசையில் நிற்கும் முன்பே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். கிளம்பும்போது மஞ்சள் அரைத்துப் பூச வேண்டாம். பிசிஆர் பரிசோதனைக்கு அந்தக் கொப்புளத்திலிருந்துதான் மாதிரி எடுப்பார்கள்.