அழகர் வரும்போது கையில் என்ன இருக்க வேண்டும்: சர்க்கரைச் செம்பும் பானக்கமும்

மதுரைக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் சித்திரை பிறந்ததும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான், சித்திரைத் திருவிழாவில் அழகர்கோயிலிலிருந்து வரும் பெருமாளான அழகர் எங்கே நின்றால் நன்றாகத் தெரிவார் என்று. எங்கே நின்றாலும் முன்னால் நிற்பவரின் தலைதான் தெரியும், தங்கக் குதிரையின் காதும் குடையும் தெரிந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம், அவ்வளவுதான் பதில். அதைவிட, கையில் என்ன கொண்டுபோவது, வீட்டில் என்ன செய்து வைப்பது என்று கேட்டால் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

அழகர் வைகை ஆற்றில் இறங்கும் தேதியிலிருந்து ஆரம்பிக்கலாம். சித்ரா பௌர்ணமியை ஒட்டி வருவதால் வருடாவருடம் மாறும். 2023இல் மே 5, 2024இல் ஏப்ரல் 23, 2025இல் மே 12 என்று அழகர் ஆற்றில் இறங்கினார். மீனாட்சி கோயிலில் கொடியேறிப் பத்தாம் நாள் திருக்கல்யாணம், மறுநாள் மாசி வீதிகளில் தேர், அதற்கப்புறம்தான் அழகர். சித்திரைத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது என்று பிள்ளைகள் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: ஒருகாலத்தில் அது மாசி மாதத் திருவிழா, திருமலை நாயக்கர் காலத்தில் சித்திரைக்கு மாற்றி அழகர் திருவிழாவோடு சேர்த்துவிட்டார்கள், தெருவின் பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

திருக்கல்யாணத்தன்று வீட்டில் செய்வது அதிகமில்லை, ஆனால் நேரம் தவறக் கூடாது. முகூர்த்தம் பெரும்பாலும் காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள் வரும், கோயிலில் முன்னதாகவே அறிவித்துவிடுவார்கள். மீனாட்சிக்குத் தாலி ஏறும் நேரத்தில் ஊரில் உள்ள சுமங்கலிகள் தாங்களும் தாலிக்கயிற்றை மாற்றிக்கொள்வார்கள். கோயிலுக்குப் போக முடியாதவர்கள் டிவி முன்னால் உட்கார்ந்து மாற்றிக்கொள்கிறார்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. முந்தின நாளே புது மஞ்சள் கயிறு வாங்கி, மஞ்சள் குழைத்துப் பூசி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடுங்கள். புதுக் கயிற்றைக் கட்டிய பிறகுதான் பழையதைக் கழற்ற வேண்டும், கழுத்து ஒரு நிமிஷம்கூட வெறுமையாக இருக்கக் கூடாது என்பது எங்கள் அம்மாச்சி சொல்லித் தந்த முறை. மாங்கல்யத்தையும் குண்டுகளையும் பழைய கயிற்றிலிருந்து புதுசுக்குக் கோக்க வேண்டியவர்கள், அதுவரைக்கும் ஒரு விரலி மஞ்சளைக் கட்டிய கயிற்றைப் போட்டுக்கொள்ளலாம்.

அன்றைக்கு மதியம் கல்யாணச் சாப்பாடுதான். வடை, பாயசம், சாம்பார், இரண்டு காய், அப்பளம். முடியாவிட்டால் சேதுபதி பள்ளியில் நடக்கும் திருக்கல்யாண விருந்துக்குப் போய்விடுங்கள். முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்பு விருந்தும் அங்கேயே உண்டு. காய் நறுக்குவதற்கென்றே பெண்கள் கத்தியும் அரிவாள்மனையும் எடுத்துக்கொண்டு போவார்கள். சாப்பிட்டுவிட்டு மொய் எழுதிவிட்டு வர வேண்டும், நம் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் அல்லவா.

இனி அழகர். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு அண்ணன் அழகர் புறப்பட்டு வந்தார், ஆற்றைத் தாண்டுவதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது, கோபித்துக்கொண்டு வண்டியூருக்குத் திரும்பிவிட்டார் என்ற கதையைத்தான் எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படியேதான் கேட்டு வளர்ந்தேன். கோயில் வழக்கப்படி அவர் வருவது, சாபத்தால் தவளையாகிக் கிடந்த மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுக்க. கல்யாணத்தில் தாரை வார்த்துக் கொடுக்கிற அண்ணன், திருப்பரங்குன்றத்திலிருந்து முன்கூட்டியே வந்துவிடும் பவளக்கனிவாய்ப் பெருமாள். இரண்டு கதையும் இருக்கட்டும், நம் வேலை அடுப்படியில்.

சர்க்கரைச் செம்பு என்பது மதுரைக்காரர்களின் வழிபாடு. ஒரு செம்பு நிறையச் சர்க்கரை, மேலே சூடம், அதை அழகருக்குக் காட்டிவிட்டு, அந்தச் சர்க்கரையைப் பக்கத்தில் நிற்பவர்களுக்கு அள்ளிக் கொடுப்பது. கேட்க எளிதாக இருக்கும், சரியாகக் கட்டாவிட்டால் பாழாகிவிடும். நான் முதல் தடவை கட்டியபோது பச்சை இலையை அப்படியே போட்டு மூடினேன், இலை கிழிந்தது, சூடம் உள்ளே விழுந்து சர்க்கரை பாகாகக் காய்ந்து கருகி, ஆழ்வார்புரம் படித்துறையில் மிட்டாய்க் கடை வாசம் அடித்தது. அத்தை மூன்று வருஷத்துக்கு அதையே சொல்லிச் சிரித்தார்கள்.

பித்தளைச் செம்பே நல்லது. எவர்சில்வரிலும் கட்டலாம், ஆனால் விளிம்பு மெலிசாக இருப்பதால் சீக்கிரம் கை சுடும். அரை லிட்டர் கொள்ளும் செம்புக்கு அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகச் சர்க்கரை பிடிக்கும். நாட்டுச் சர்க்கரை போடுகிறவர்களும் உண்டு, வெயிலில் அது கட்டி தட்டிவிடும் என்பதால் நான் வெள்ளைச் சர்க்கரைதான் போடுவேன். செம்பில் துளி ஈரம் இருக்கக் கூடாது. கழுத்து வரைக்கும் நிரப்பி, விளிம்புக்குக் கீழே ஒரு விரல் இடம் விடுங்கள். வாழை இலையில் நரம்பில்லாத இடமாகப் பார்த்து வெட்டி, அடுப்புத் தணலில் லேசாகக் காட்டி வாட்டுங்கள், பச்சை நிறம் கொஞ்சம் கறுத்ததும் இலை துணி மாதிரி வளையும், கிழியாது. இரண்டு இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாயை மூடி, கழுத்தைச் சுற்றி வாழை நாரால் இறுக்கிக் கட்டுங்கள். ரப்பர் பேண்டு போடாதீர்கள், சூட்டில் அறுந்துவிடும். நாரின்மேல் ஒரு முழம் மல்லிகை, பக்கத்தில் சந்தனமும் குங்குமமும். சூடத்தை இலையின்மேல் நேராக வைக்காமல் கெட்டியான வெற்றிலை ஒன்றின்மேல் வைத்தால் அடி இலை தாங்கும். ஒரு சின்னக் கட்டிச் சூடம் போதும், அழகர் பக்கத்தில் வந்த பிறகுதான் ஏற்ற வேண்டும். கீழ்ப்பக்கம் ஈரத் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆற்றுக்குள் கூட்டத்தின் நடுவில் நின்று நெருப்பைத் தூக்கிப் பிடிக்காதீர்கள், பின்னால் நிற்கும் பெண்ணின் கூந்தலும் தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் காலும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. 2022இல் ஆற்றில் அழகர் இறங்கியபோது நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள், அதற்கப்புறம் நான் ஆற்றுக்குள் போவதையே விட்டுவிட்டேன். அழகர்கோயிலிலிருந்து புறப்பட்டு வரும் வழியில் நானூறுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகளில், அதாவது சாமி தங்கி அருள்கொடுக்கும் மண்டபங்களிலும் பந்தல்களிலும், அவர் நிற்கிறார், புதூர், தல்லாகுளம் பக்கம் ஏதாவது ஒரு மண்டகப்படிக்கு முன்னால் நின்றால் செம்பைக் காட்டலாம், சர்க்கரையையும் நிதானமாகக் கொடுக்கலாம். மூன்றுமாவடியில் மதுரைக்காரர்கள் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நடக்கும் அன்று காலையிலேயே போய்விட்டால் இன்னும் நல்லது. வயசானவர்கள் இருக்கும் வீட்டுக்கு என் யோசனை எப்போதும் எதிர்சேவைதான், ஆறு இல்லை.

நேர்ந்துகொண்டு அழகர்மேல் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் எல்லாப் பக்கமும் இருப்பார்கள், அதனால் செம்பின் மேல் கட்டு நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யாராவது அழகர் வேஷம் போட்டுத் தண்ணீர் பீய்ச்சுவதாக நேர்ந்திருந்தால் தோல் பையும் துருத்தியும்தான் முறை, பிரஷர் பம்பு வைத்து அடிப்பதைக் கோர்ட்டும் நிர்வாகமும் கண்டித்திருக்கின்றன, சிலையும் கெடும், பட்டரின் கண்ணும் கெடும். வேஷத் துணிகள் முன்பு புதுமண்டபத்தில் தைத்துத் தருவார்கள், அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன.

அடுத்தது பானக்கம். எழுதும்போது பானகம், எங்கள் வாயில் பானக்கம். வீட்டு வாசலில் ஒரு பானை வைத்து நடந்து வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பது ஆற்றுக்குப் போக முடியாதவர்களும் செய்யக்கூடியது. ஐம்பது டம்ளருக்கு என் கணக்கு: வெல்லம் ஒன்றரைக் கிலோ, தண்ணீர் ஏழரை லிட்டர், எலுமிச்சம்பழம் பத்து, சுக்குப் பொடி குவியலாக ஒரு மேஜைக்கரண்டி, ஏலக்காய் இருபது, உப்பு இரண்டு சிட்டிகை, கடுகு அளவு பச்சைக் கற்பூரம். வெல்லத்தைக் கீழமாசி வீதிக் கடைகளில் வாங்கும்போது பளிச்சென்று மஞ்சளாக இருப்பதைத் தவிர்த்துக் கொஞ்சம் கறுத்ததாக எடுங்கள். அதைத் தட்டி, காய்ச்சி ஆறிய தண்ணீர் இரண்டு லிட்டரில் முந்தின நாள் இரவே ஊறப்போடுங்கள். காலையில் கரைந்திருக்கும், மல் துணியில் இரண்டு முறை வடிகட்டினால் அடியில் நிற்கும் மணலைப் பார்த்து நீங்களே பயந்துபோவீர்கள். மீதித் தண்ணீரை ஊற்றி, சுக்கும் ஏலமும் உப்பும் பச்சைக் கற்பூரமும் சேர்த்து மண்பானையில் வைத்துவிடுங்கள்.

எலுமிச்சம்பழத்தை மட்டும் கடைசியில், ஊற்றிக் கொடுக்க ஆரம்பிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் பிழிய வேண்டும். எல்லாரும் இதில்தான் தப்பு செய்கிறார்கள், விடிகாலையில் பிழிந்துவிட்டுப் பத்து மணிக்குக் கசக்கிறது என்று மூக்கைச் சுளிப்பார்கள். எலுமிச்சை விலை ஏறிக் கிடந்தால் புளிப் பானக்கம் செய்யலாம், இதே அளவுக்கு எலுமிச்சை அளவு புளி நான்கு உருண்டை, கரைத்து வடிகட்டிச் சேர்த்தால் போதும், மாலை வரைக்கும் சுவை மாறாது. எனக்குப் புளிதான் பிடிக்கும், வீட்டில் மற்றவர்கள் எலுமிச்சை கட்சி.

நீர்மோர் சுருக்கமாக: ஒரு லிட்டர் புளிக்காத தயிருக்கு நான்கு லிட்டர் தண்ணீர், பச்சை மிளகாயும் இஞ்சியும் நசுக்கி, மல்லித்தழை, கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு. தாளித்து ஊற்றாதீர்கள், இரண்டு மணி நேரத்தில் எண்ணெய் மேலே மிதந்து நிற்கும்.

ஐஸ் கட்டி வாங்கிப் போட வேண்டாம், மீனுக்குப் போடுகிற ஐஸும் அதே வண்டியில்தான் வரும். பானையைச் சுற்றி ஈரச் சாக்கைப் போட்டாலே போதும். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கு 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் தடை, அதனால் எவர்சில்வர் டம்ளரை வைத்து, கழுவ இரண்டு வாளியும் ஒரு ஆளும் போடுங்கள். வாசலில் ஒரு பானை என்பதைத் தாண்டிப் பந்தல் போட்டுச் சாப்பாடும் கொடுப்பதாக இருந்தால், சமீப வருடங்களில் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யச் சொல்கிறார்கள், அதை ஒரு வாரம் முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரு பலகாரமும் வேண்டும் என்றால் அழகர்கோயில் தோசையைச் செய்து பாருங்கள். விவசாயிகள் காணிக்கையாகக் கொட்டும் தானியத்தில் கோயிலில் சுடுவது அது, கோயில் ருசி வீட்டில் வராது என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். பச்சரிசி இரண்டு பங்கு, தோலோடு கறுப்பு உளுந்து ஒரு பங்கு, நான்கு மணி நேரம் ஊறவைத்து ரவை பதத்தில் அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை சேர்த்து ஐந்து மணி நேரம் வைத்திருந்து, குழியான இருப்புச் சட்டியில் நெய் தாராளமாக விட்டு, சின்னத் தீயில் கனமாகச் சுட வேண்டும். அவசரப்பட்டால் நடு வேகாது. தொட்டுக்கொள்ள எதுவும் தேவையில்லை.

அழகர் வண்டியூர் போய், தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்கு அருள்கொடுத்து, ராத்திரி முழுக்கத் தசாவதாரம் காட்டி, பூப்பல்லக்கில் ஏறி மலைக்குத் திரும்பும் வரைக்கும் செம்பில் மிச்சமிருக்கும் சர்க்கரையைத் தூக்கி வைக்காதீர்கள். மேலாக, சூடம் விழுந்த இடத்தை மட்டும் ஒரு கரண்டியால் எடுத்து எறும்புக்குப் போட்டுவிட்டு, மீதியை அண்டை வீடுகளுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுங்கள். எங்கள் வீட்டில் கடைசிக் கைப்பிடி மறுநாள் காப்பிக்குப் போகும், அன்றைக்கு மட்டும் காப்பியில் லேசாகச் சூடம் மணக்கும்.